நூறு ரூபாயில் ரெண்டே கால் ரூபாய்!

ஒரு சின்னக் கணக்கு பாஸ்... கால்குலேட்டர் வேண்டாம், மனசுலயே போட்டுடலாம்.

நீங்கள் நூறு ரூபாய் சம்பாதிக்கிறீர்கள். அதில் 97 ரூபாய் 75 காசு வரியாகப் போய்விடுகிறது. மிச்சம்? ரெண்டே கால் ரூபாய். நம்ம கேன்டீனில் ஒரு டீகூட வராது!

'எந்த ராஜா காலத்துக் கதை இது?' என்று கேட்காதீர்கள். 1973-74-ல் நம் இந்தியாவில் நிஜமாகவே இருந்த வரி. ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 85 சதவிகிதம் வருமான வரி. அந்த வரியின் தலை மேல் 15 சதவிகிதம் சர்சார்ஜ். பெருக்கிப் பாருங்கள், கரெக்டாக 97.75 வரும். செல்வ வரி என்று இன்னொன்று தனி டிராக்!

"அப்ப ரெண்டு லட்சம்னா பெரிய பணக்காரன்தானே... கட்டட்டுமே!" என்று உங்களில் பாதிப் பேர் சொல்வீர்கள். எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். அதே கேள்வியை எங்கள் தெரு ஆடிட்டர் சாரிடம் கேட்டேன். சிரித்தார். "கட்டுனாத்தான கண்ணு? ரெண்டே கால் ரூபாய்க்கு எவன் வேர்வை சிந்துவான்? ஒண்ணு உழைக்காம இருப்பான், இல்லாட்டி கணக்குல காட்டாம இருப்பான். கறுப்புப் பணத்துக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சது அந்த வரிதான்" என்றார். சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். 'வீ, த பீப்பிள்'. 1984-ல் வந்தது. எழுதியவர் நானி பல்கிவாலா, வக்கீல்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தையே எக்ஸாமுக்கு முந்தின நாள்தான் திறக்கிற ஜாதி. ஆனால், இந்தப் புத்தகத்தை ரெண்டு வாரத்தில் முடித்துவிட்டேன். காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். முதலில் ஆளைப் பற்றி...

கேம்பஸ் இன்டர்வியூ என்றதும் நமக்கு டி.சி.எஸ். ஞாபகம் வரும், இல்லையா? அந்த டி.சி.எஸ்-ஸுக்குத் தலைவராக இருந்தவர் இந்த வக்கீல்! ஆனால், அவர் வக்கீல் ஆனதே ஒரு விபத்து. 1920-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். முன்னோர்கள் பல்லக்கு செய்தவர்கள், அதனால்தான் பல்கிவாலா. சின்ன வயசில் திக்குவாய். செயின்ட் சேவியர்ஸில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு, பம்பாய் பல்கலைக்கழகத்தில் லெக்சரர் வேலைக்கு அப்ளை பண்ணினார். வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. மற்ற கோர்ஸ்களில் எல்லாம் அட்மிஷன் முடிந்துவிட்டது. சரி, சும்மா இருப்பானேன் என்று சேர்ந்ததுதான் சட்டக் கல்லூரி. கவுன்சலிங்கில் கேட்ட பிராஞ்ச் கிடைக்காமல் கிடைத்ததில் சேர்ந்த ஆத்மாக்கள் கை தூக்குங்க!

1944-ல் கோர்ட்டுக்குள் நுழைந்தார். ஆறே வருஷத்தில், 1950-ல், தன் சீனியர் ஜம்ஷெட்ஜி காங்காவுடன் சேர்ந்து வருமான வரிச் சட்டத்துக்கு ஒரு பெரிய உரைநூல் எழுதிவிட்டார். இன்றும் ஆடிட்டர்கள் அதை 'காங்கா - பல்கிவாலா' என்று சீனியர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். எழுதும்போது அவருக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை.

அவரை ஸ்டார் ஆக்கியது பட்ஜெட். வருஷா வருஷம் மத்திய பட்ஜெட் வந்ததும் அதைப் பிரித்து மேய்ந்து ஒரு பேச்சு. 1958-ல் பம்பாயில் கிரீன்ஸ் ஹோட்டலில் ஒரு சின்ன ஹாலில் ஆரம்பித்தது. கூட்டம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் பிரபோர்ன் ஸ்டேடியத்தையே பிடிக்க வேண்டியதாயிற்று. ஆமாம் பாஸ், கிரிக்கெட் ஸ்டேடியம். மேட்ச் இல்லை, பாட்டுக் கச்சேரி இல்லை. வரியைப் பற்றிய பேச்சைக் கேட்க! 1994 வரை இது நடந்தது. எங்கள் ஆடிட்டர் சார் ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிய காலத்தில் பம்பாயில் இருந்தவர். "ஆபீஸ் முடிஞ்சதும் ஓடுவோம் கண்ணு. புல்தரையில குத்தவெச்சுக் கேட்போம். கையில ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. இத்தனை கோடி, இத்தனை சதவிகிதம்னு மழையாட்டம் கொட்டும்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பதினெட்டு வயசு தெரிகிறது.

அந்தப் பேச்சுகளிலும் புத்தகங்களிலும் பல்கிவாலா திரும்பத் திரும்பத் தட்டிய ஆணி ஒன்றுதான். பேச, எழுத, நடமாட ஒருத்தனுக்கு இருக்கும் சுதந்திரத்தையும், தொழில் செய்து சம்பாதித்து வைத்துக்கொள்ளும் சுதந்திரத்தையும் தனித்தனியாக வெட்டிப் பிரிக்க முடியாது. வயிற்றுப்பாட்டுக்கு ஒவ்வொரு படியிலும் அரசாங்கத்தின் கையெழுத்து தேவைப்படுகிறவன், அதே அரசாங்கத்தை எதிர்த்து எப்படி வாய் திறப்பான்?

அன்றைக்கு அந்தக் கையெழுத்து எதற்கெல்லாம் தேவைப்பட்டது என்று பார்த்தால் நமக்கு சிரிப்பு வரும். தொழிற்சாலை ஆரம்பிக்க லைசென்ஸ். எத்தனை உற்பத்தி பண்ணலாம் என்பதற்கு லைசென்ஸ். ஸ்கூட்டருக்கு புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் ஜனங்கள் காத்திருப்பார்கள்... ஆனால், லைசென்ஸில் போட்ட எண்ணிக்கைக்கு மேல் கம்பெனி தயாரித்தால் அது குற்றம்! நம்ம ராஜாஜி இதற்கு வைத்த பெயர்தான் 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்'. அதை எதிர்த்தே 1959-ல் எண்பது வயசில் சுதந்திரா கட்சி ஆரம்பித்தார். 1991 ஜூலையில் புதிய தொழில் கொள்கை வந்த பிறகுதான் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

இப்போது ரெண்டு வாரத்தில் படித்த காரணத்துக்கு வருகிறேன். புத்தகத்தை வாங்கும்போதே ஆடிட்டர் சார் ஒரு தகவலைப் போகிறபோக்கில் சொன்னார். "பேங்க் நேஷனலைசேஷனை எதிர்த்து வாதாடி ஜெயிச்ச ஆளு."

சுருக்கென்றது எனக்கு. ஏனென்றால், நான் படிப்பதே தேசியமயமாக்கப்பட்ட ஒரு வங்கி கொடுத்த கல்விக் கடனில்.

எங்கள் அப்பா கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். என் ஃபீஸுக்குக் கடன் கேட்டு ஏழு தடவை பேங்குக்கு நடந்தார். கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை என்பதுதான் விதி. ஆனாலும், அந்த மேனேஜருக்குப் பத்திரம் வேண்டும். பட்டறை இடத்தின் பத்திரத்தைக் கொண்டுபோனால், "இது உங்கப்பா பேர்ல இருக்குங்க. நீங்க அண்ணன் தம்பி மூணு பேரு. பாகம் பிரிக்காத சொத்து, செல்லாதுங்க" என்று திருப்பி அனுப்பினார். நல்லவேளை, அந்த மேனேஜருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. அடுத்து வந்தவர் ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்ன இருந்தாலும், ஒரு லேத் பட்டறைக்காரரின் மகளுக்கு, சொத்தில்லாமல், எந்தத் தனியார் முதலாளி கொடுத்திருப்பார்? அப்படிப்பட்ட வங்கிகளே வேண்டாம் என்றவரை நான் ஏன் படிக்க வேண்டும்? சண்டை போடும் மூடில்தான் புத்தகத்தைத் திறந்தேன்.

வழக்கு இதுதான். 1969 ஜூலை 19-ம் தேதி, ஒரு அவசரச் சட்டத்தில் 14 பெரிய வங்கிகளை இந்திரா காந்தி அரசு எடுத்துக்கொண்டது. நம்ம சென்னையின் இந்தியன் வங்கியும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பதினாலில் உண்டு. அப்போது நாடு முழுக்க வங்கிக் கிளைகள் எட்டாயிரத்துச் சொச்சம்தான், அதிலும் கிராமங்களில் இருந்தவை கால்வாசிகூட இல்லை. ஆகவே, காரணம் இல்லாமல் எடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆர்.சி.கூப்பர் என்கிற பங்குதாரர் கோர்ட்டுக்குப் போனார். அவருக்காக பல்கிவாலா. 1970 பிப்ரவரி 10-ம் தேதி தீர்ப்பு. 11 நீதிபதிகளில் 10 பேர் சட்டத்தை ரத்து செய்தார்கள்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 'அரசாங்கம் வங்கிகளை எடுக்கவே கூடாது' என்று கோர்ட் சொல்லவில்லை. எடுக்கலாம். ஆனால், 14 வங்கிகளை மட்டும் தனியாகப் பொறுக்கி, 'மற்றவர்கள் வங்கித் தொழில் செய்யலாம், நீங்கள் மட்டும் செய்யக் கூடாது' என்றது பாரபட்சம். கொடுத்த நஷ்டஈடு நஷ்டஈடே இல்லை. இதுதான் தீர்ப்பு. நாலே நாளில் நஷ்டஈட்டைச் சரிசெய்து புது அவசரச் சட்டம் போட்டு வங்கிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆக, என் கல்விக் கடனுக்கு ஒரு சேதாரமும் இல்லை!

ஆடிட்டர் சாரிடம் போய்ச் சொன்னேன். "அதத்தான் கண்ணு நானும் சொல்றேன். எடுக்கறது சரியா தப்பாங்கறது ஒண்ணு. எடுக்கற மொறைன்னு ஒண்ணு இருக்குதல்ல?"

அதைவிட ஆச்சர்யம் அந்தத் தீர்ப்பு பிறகு போன பயணம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் ப்ளீஸ், செம ட்விஸ்ட் இருக்கிறது.

1950-ல் ஏ.கே.கோபாலன் என்ற கம்யூனிஸ்ட் தலைவரை விசாரணை இல்லாமல் மெட்ராஸ் மாகாணத்தில் சிறையில் வைத்திருந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். தோற்றார். ஒவ்வொரு அடிப்படை உரிமையும் தனித்தனிப் பெட்டி, ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் படிக்கக் கூடாது என்றது கோர்ட். இருபது வருஷம் அந்தப் பெட்டிகள் அப்படியே இருந்தன. உடைத்தது எது தெரியுமா? பேங்க் கேஸ்! 'அரசாங்கம் என்ன நோக்கத்தோடு சட்டம் போட்டது என்பதைப் பார்க்காதே, அந்தச் சட்டம் தனிமனிதன் மேல் எப்படி விழுகிறது என்று பார்' என்றது கூப்பர் தீர்ப்பு.

அந்த உடைப்பு வழியாகத்தான் 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு வந்தது. நியாயமான முறை இல்லாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது என்று ஆனது. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றார்கள். 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகள் 'அந்தரங்கம் அடிப்படை உரிமை' என்று தீர்ப்பு சொன்னபோது, அதிலும் கூப்பர் வந்தார். ஒரு கம்யூனிஸ்ட்டை விடுவிக்காத பூட்டை ஒரு பேங்க் பங்குதாரருக்காக உடைத்தார்கள். அந்தக் கதவு வழியாக நடைபாதைவாசி வந்தார், உங்கள் மொபைல் போனின் ரகசியமும் வந்தது!

இதற்காக பல்கிவாலாவுக்கு நான் ரசிகர் மன்றம் வைக்கப் போவதில்லை. அதே 1970-ல் மன்னர் மானிய ஒழிப்பை எதிர்த்து மகாராஜாக்களுக்காகவும் வாதாடி ஜெயித்தார். சட்டப்படி சரியாக இருக்கலாம், எனக்கு ஒட்டவில்லை. பெரிய முதலாளிகள் பக்கம் சாய்ந்த மனிதர் என்று விமர்சிப்பவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை. டாடா குழுமத்தில் பெரிய பொறுப்புகளில் இருந்தவர் அவர். ஆனால், பணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் இல்லை. நம்ம சென்னை சங்கர நேத்ராலயாவுக்கு அவர் கொடுத்த நன்கொடை பெரிய தொகை. அதிகாரத்துக்குப் பயந்தவரும் இல்லை. 1975 ஜூனில் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் அவருக்காகவே சுப்ரீம் கோர்ட்டில் நின்றவர் பல்கிவாலா. எமர்ஜென்சி அறிவித்ததும் 'இனி உங்கள் வழக்கு எனக்கு வேண்டாம்' என்று கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரதமரிடம்!

அவரது உச்சம் கேசவானந்த பாரதி வழக்கு. காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் நில வழக்காக ஆரம்பித்து, 13 நீதிபதிகள், 68 நாள் வாதம். 1973 ஏப்ரல் 24-ம் தேதி 7-க்கு 6 என்று ஒரே ஓட்டில் தீர்ப்பு. நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது. எமர்ஜென்சியில், 1975 நவம்பரில், அந்தத் தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய மறுபடி 13 பேரைக் கூட்டினார் தலைமை நீதிபதி ஏ.என்.ரே. 'யார் கேட்டார்கள் இந்த மறுபரிசீலனையை?' என்று கேள்வி வந்தது. தமிழ்நாடு கேட்டது என்றார் ரே. உடனே எழுந்தார் தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல் கோவிந்த் சுவாமிநாதன். 'நாங்கள் கேட்கவே இல்லையே!' கேப்டன் லட்சுமியின் அண்ணன் ஆயிற்றே, சும்மா இருப்பாரா? ரெண்டு நாள் வாதத்துக்குப் பிறகு, நவம்பர் 12-ம் தேதி பெஞ்ச் கலைந்தது. கதை கேட்ட எனக்கே விசில் அடிக்கத் தோன்றியது.

ஆனால், ஒரு இடத்தில் பல்கிவாலா தோற்றார். சொத்துரிமை. 1971-ல் ஒரு திருத்தம் வந்து, சட்டத்தில் இருந்த 'நஷ்டஈடு' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'தொகை' என்று போட்டது. வார்த்தைதானே என்று நினைக்காதீர்கள். நஷ்டஈடு என்றால் நஷ்டத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். தொகை என்றால் ஒரு ரூபாயும் தொகைதான்! 1978-ல் 44-வது திருத்தம், அடிப்படை உரிமைகள் பட்டியலில் இருந்தே சொத்துரிமையைத் தூக்கிவிட்டது. செய்தது ஜனதா அரசு. அப்போது பல்கிவாலா அதே அரசு அனுப்பிய அமெரிக்கத் தூதராக வாஷிங்டனில் இருந்தார். மிச்சம் விட்டது ஒரே ஒரு வரி. 300-ஏ பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிற பிரிவு.

புத்தகத்தில் இந்தப் பகுதிக்கு வந்தபோதுதான் எங்கள் பட்டறைக்கு நோட்டீஸ் வந்தது. சாலை விரிவாக்கம். முன்பக்கம் எட்டடி போகிறது. பெரிய லேத் நிற்பதே அந்த எட்டடியில்தான். அதைப் பின்னால் நகர்த்த இடமில்லை. பேங்குக்குச் செல்லாத அதே பத்திரம், ரோட்டுக்கு மட்டும் செல்லுது பாருங்க!

அப்பா நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரோடு எல்லாருக்கும்தானே சாமி... நாம மட்டும் எப்படி வேண்டாம்ங்கறது?" என்றார். கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. லேத்தை எங்கே வைப்பது என்றுதான் கேட்கிறார். அதைக் கேட்கும் தைரியம்கூட இல்லாமல் மூன்று நாள் சும்மா இருந்தார். சொத்துரிமை என்றால் நமக்கு அம்பானி பங்களாதான் கண் முன்னால் வருகிறது. எட்டடிப் பட்டறையும் சொத்துதான் பாஸ். எங்களிடம் இருக்கும் ஒரே சொத்து.

ஹிமாச்சலப் பிரதேசத்தில் ஒரு எண்பது வயது மூதாட்டி. படிக்காதவர். 1967-68-ல் ரோடு போட அவர் நிலத்தை எடுத்தார்கள், நஷ்டஈடு இல்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த 300-ஏ-வைக் காட்டித்தான் அவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அரை நூற்றாண்டு! 2024 மே மாதத்தில், கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான ஒரு வழக்கில், அந்த ஒற்றை வரிக்குள் ஏழு உரிமைகள் இருப்பதாகச் சொன்னது கோர்ட். முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், காரணம் சொல்லி முடிவெடுக்க வேண்டும், பொதுக் காரியமாக இருக்க வேண்டும், நியாயமான ஈடு தர வேண்டும் என்று பட்டியல் போகிறது. அவர் 2002 டிசம்பரில் இறந்துவிட்டார். இருந்திருந்தால் ஒரு ஸ்டேடியம் நிறையப் பேசியிருப்பார்.

நான் அப்பாவை ஆடிட்டர் சார் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலுக்கு போன் போட்டார். மூன்று பேரும் உட்கார்ந்து ஆட்சேப மனு தயார் செய்தோம். பெரியப்பாவும் சித்தப்பாவும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். பாகம் பிரிக்கும் பேச்சையே பதினைந்து வருஷமாகத் தள்ளிப்போட்டவர்கள், ஒரே பேப்பரில் மூன்று கையெழுத்து! எட்டடியும் வேண்டாம் என்று கேட்கவில்லை. எதிர்ப் பக்கம் காலியாகக் கிடக்கும் புறம்போக்குப் பக்கமாக நாலடி நகர்த்த முடியுமா, முடியாவிட்டால் லேத்தை அஸ்திவாரத்தோடு இடம் மாற்றும் செலவையும் சேர்த்து ஈடு தருவீர்களா என்று கேட்டிருக்கிறோம். மெஷின் லே-அவுட் டிராயிங் நான் போட்டது. ஸ்கேல் 1:50. செமஸ்டர் டிராயிங் ஷீட்டில்கூட இவ்வளவு சுத்தமாக நான் போட்டதில்லை.

ஆபீஸில் மனுவை வாங்கிக்கொண்ட கிளார்க், முதல் பாராவில் 300-ஏ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "வக்கீல் வெச்சிருக்கீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். முத்திரை குத்தி ஒரு நகல் கொடுத்திருக்கிறார். நேரில் விசாரணை அடுத்த மாசம் 12-ம் தேதி, காலை பதினொரு மணிக்கு. அன்றைக்கு எனக்கு இன்டர்னல் டெஸ்ட். ஹெச்.ஓ.டி-யிடம் பெர்மிஷன் கேட்டிருக்கிறேன்.